வாசகர் கேள்வி–பதில்: ‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ என்று சொன்னால்?

மாற்றுத்திறனாளிகள் குறிவைத்துத் தாக்கப்படுவது, அவமதிக்கப்படுவது, சுரண்டப்படுவது பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஆட்களின் பெயர்களையும் தோட்டப் பெயர்களையும் எடுத்துவிட்டோம்.

என் தம்பிக்கு வயது 24. பிறவியிலேயே கால் இரண்டும் சரியில்லை, ஊன்றுகோலோடுதான் நடப்பான். டவுனுக்குப் போகிற பாதையில் மூன்று பையன்கள் அவன் நடையை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். போன மாதம் ஊன்றுகோலைப் பிடுங்கிக் கானுக்குள் வீசிவிட்டுக் கல்லாலும் அடித்தார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொன்னால் “சும்மா விளையாட்டுக்குத்தான்” என்கிறார். இது பொலிஸுக்குப் போகிற விசயமா?
– வாசகி, மஸ்கெலியா

போகிற விசயம்தான். ஆனால் எந்தப் பெயரில் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இலங்கையில் ‘மாற்றுத்திறனாளி மீதான வெறுப்புக் குற்றம்’ என்று தனியாக ஒரு குற்றம் சட்டத்தில் இல்லை. பலரும் சொல்லும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தேசிய, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத்தான் தடுக்கிறது. இயலாமை அந்தப் பட்டியலில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இல் வந்த சட்டம் ஒன்று, இயலாமை மீதான பகையால் குற்றம் செய்தவருக்குத் தண்டனையைக் கூட்டச் சொன்னது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஆகவே பொலிஸில் போய் “வெறுப்புக் குற்றம்” என்று மட்டும் சொன்னால், எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். கல்லடித்துக் காயப்படுத்தியது தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவில் வரும். பயன்படுத்திய பொருள் உயிராபத்து விளைவிக்கக் கூடியது என்றால் 315. பாதையை மறித்து நிறுத்தியது 332. ஊன்றுகோலைச் சேதப்படுத்தியது 409 முதலான பிரிவுகள். சண்டைக்கு இழுக்கும்படி அவமதித்தது 484, “இந்தப் பக்கம் வந்தால் தொலைத்துவிடுவோம்” என்ற மிரட்டல் 486. பிரிவு இலக்கங்களை நீங்கள் பொலிஸில் ஒப்புவிக்கத் தேவையில்லை. ஒரே சம்பவத்துக்குள் நான்கைந்து குற்றங்கள் இருக்கின்றன, ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது என்பதற்காகத்தான் இவற்றைத் தருகிறோம்.

தனிச்சட்டம் இல்லை என்பதற்காக நோக்கத்தை விட்டுவிடாதீர்கள். எதேச்சையாக நடக்கவில்லை, அவனுடைய இயலாமையைப் பார்த்தே செய்தார்கள் என்பது பதிவில் ஏறினால், விளையாட்டு என்ற சாக்கு நிற்பது கடினம். தண்டனையை முடிவு செய்யும்போதும் நீதவானுக்கு அது தெரிய வேண்டும். அடையாளங்கள் இவை: அடிக்கும்போது சொன்ன சொல், குறிவைத்த பொருள் (ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, வெள்ளைப் பிரம்பு), அவன் வேகமாக விலக முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தது, கூட நடந்தவர்களை விட்டுவிட்டு அவனை மட்டும் தொட்டது, திரும்பத் திரும்ப நடந்தது. சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வையுங்கள். “கெட்ட வார்த்தையில் ஏசினார்கள்” என்று நாகரிகமாகச் சொன்னால் அந்த இடத்திலேயே சான்று போய்விடும். “நொண்டி, ஓடிப் பாருடா” என்று சொன்னார்கள் என்றால் அந்த மூன்று சொல்லும் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும்.

ஊன்றுகோலைத் திருத்துவதற்கு முன் படம் எடுங்கள். உடைந்த துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். புதியது வாங்கினால் பற்றுச்சீட்டு வைத்திருங்கள்.

பையன்களின் வயதையும் விசாரியுங்கள். 2018இல் வந்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்துக்குப் பிறகு 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை மீது குற்றம் சாட்ட முடியாது. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்ப்பார். அப்போதும் பொலிஸில் சொல்வது வீண் அல்ல. பெற்றோரை அழைத்துப் பேசவும், நன்னடத்தை அலுவலரிடம் அனுப்பவும் அங்கிருந்துதான் வழி பிறக்கும்.

சம்பவங்களை எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எதை, எப்படி எழுதுவது?
– வாசகர், தலவாக்கலை

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். தாளைக் கிழித்தெடுக்கக் கூடிய வகை வேண்டாம், தைத்த கொப்பியே நல்லது. ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், என்ன சொன்னார், யார் பார்த்தார், காயம் அல்லது நட்டம் என்ன, யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அன்றைக்கே எழுதுங்கள். பத்து நாள் கழித்து மொத்தமாக உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய கொப்பியைக் குறுக்கு விசாரணையில் மடக்குவது சுலபம். பிழையாக எழுதினால் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு மேலே எழுதுங்கள், வெள்ளை மை பூச வேண்டாம்.

திகதி நினைவில்லை என்றால் அட்வான்ஸ் கொடுத்த நாள், திருவிழாவுக்குக் கொடியேறிய நாள், பெரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) கூட்டம் நடந்த நாள் என்று பிடித்து, பிறகு கலண்டரில் பாருங்கள்.

காயத்தை இரண்டு விதமாகப் படம் எடுக்க வேண்டும். ஒன்று முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி, மற்றது கிட்டத்தில், பக்கத்தில் அடிமட்டம் அல்லது 10 ரூபா நாணயம் வைத்து. கண்டல் காயம் முதல் நாளில் சரியாகத் தெரியாமல் இரண்டு மூன்று நாளில் நிறம் மாறும். அதனால் அடுத்தடுத்த நாட்களிலும் எடுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். எடுத்த போனிலேயே மூலப்படம் இருக்கட்டும்.

சித்திக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடமும் போனதில்லை, வீட்டுச் சைகைதான் தெரியும். அடுத்த லயத்து ஆள் அடித்துவிட்டான். பொலிஸில் “இவரிடம் எப்படி வாக்குமூலம் எடுப்பது” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குச் சிங்களமும் சரியாக வராது.
– வாசகி, ஹட்டன்

திருப்பி அனுப்பியது தவறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு: குற்றம் பற்றிய தகவலை வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம். வாயால் சொன்னால் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத ஆள் இல்லையென்றால் உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால்தான் காரணத்தைக் குறித்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதலாம், எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதி இரண்டு பிரதிகளோடு போவது நல்லது. விளங்காத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். “வாசித்துச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பாதிக்கப்பட்டவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பார்த்தவரோ உறவினரோ முதல் தகவலைக் கொடுக்கலாம். சித்தியின் வாக்குமூலத்தைப் பிறகு எடுக்கலாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, பேச முடியாத சாட்சி திறந்த நீதிமன்றத்தில் எழுத்தாலோ சைகையாலோ சாட்சி சொல்லலாம் என்றும், அது வாய்மொழிச் சாட்சியாகவே கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. நீதிமன்றமே ஏற்பதைப் பொலிஸ் நிலையம் மறுக்கக் காரணம் இல்லை.

வீட்டுச் சைகையில்தான் சிக்கல். பயிற்சி பெற்ற சைகைமொழி பெயர்ப்பாளருக்கு அது முழுதாகப் பிடிபடாது. சைகைமொழி தெரிந்தவர் ஒருவரும், சித்தியின் சைகை தெரிந்த வீட்டு ஆள் ஒருவரும் சேர்ந்து உட்காருவதே வழி. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும், கிட்டத்தில் உள்ள செவிப்புலனற்றோர் பாடசாலையிடமும் ஆள் கேளுங்கள். அடித்தவரின் உறவினரையோ, அவரோடு ஒரே சங்கத்தில் இருக்கும் தலைவரையோ இந்த வேலைக்கு வைக்க வேண்டாம். சித்தி அடித்தவனைக் காட்டியதையும், எங்கே எதனால் அடித்தான் என்று நடித்துக் காட்டியதையும் “இவ்வாறு கையால் காட்டினார்” என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பத்துத் தரம் ஒத்திகை பார்க்காதீர்கள். சொல்லிக் கொடுத்த சாட்சி என்ற பெயர் வந்துவிடும்.

வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதிய உத்தியோகத்தரின் பெயர், இலக்கம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறு கட்டணம் கட்டி முறைப்பாட்டின் பிரதியையும் எடுக்கலாம். இவை கையில் இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்துப் போகும்போது “அப்படி ஒரு முறைப்பாடே இல்லையே” என்ற பதில் வந்தாலும் ஆச்சரியப்பட முடியாது.

அடிபட்டிருந்தால் பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காயம் பெரிது என்றால் படிவத்துக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸில் நேராகப் போங்கள். வைத்தியரிடம் “இன்னார் அடித்தார்” என்று சொல்லுங்கள், “விழுந்துவிட்டார்” என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து மட்டும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது பலரும் செய்கிற தவறு. அங்கே முதலுதவி பெறலாம், வழக்குக்கு வேண்டியது சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை.

அப்படியும் பொலிஸ் எழுத மறுத்தால்?
– அதே வாசகி

முறைப்பாட்டைப் பொறுப்பதிகாரியின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு. தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி 1996. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன, கட்டணம் இல்லை. ஆனால் உங்களை அடித்த அயலவர் மீது இந்த ஆணைக்குழு வழக்குப் போடாது. அரசாங்க உத்தியோகத்தர் செய்ததையோ செய்ய மறுத்ததையோதான் விசாரிக்கும். இது தெரியாமல் அடிதடியை மட்டும் எழுதி அனுப்பி, பதில் வரவில்லை என்று மனம் வெறுக்கிறார்கள். “பொலிஸ் இன்ன திகதியில் என் முறைப்பாட்டை ஏற்கவில்லை” என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

காலம் முக்கியம். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு அடையாள அட்டையோடும் வருமானம் காட்டும் கடிதத்தோடும் போகலாம். தோட்டத்துச் சம்பளத் துண்டும் உதவும்.

தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மத்தியஸ்த சபைக்கும் கடிதம் வந்திருக்கிறது. போகத்தான் வேண்டுமா?
– வாசகர், லிந்துலை

இரண்டும் வேறு வேறு. தலைவர் பேசித் தீர்ப்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை, அதை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம் என்பதற்காக அடிபட்டவனின் முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்ல எந்தத் தலைவருக்கும் அதிகாரம் கிடையாது. இதைச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

மத்தியஸ்த சபை இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி இணக்கப் பார்ப்பது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. சிறு காயம், சொத்துச் சேதம், அவமதிப்பு போன்றவற்றை முதலில் அங்கே அனுப்ப வேண்டியிருப்பதால் கடிதம் வந்தால் போங்கள். போவது வேறு, இணங்குவது வேறு. முன்பு நடந்த சம்பவங்களையும் கொப்பியைக் காட்டிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் கைகலப்பாகத்தான் பார்ப்பார்கள். மன்னிப்பும் 2,000 ரூபாவும் போதாது என்று நினைத்தால், இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் வழக்கு நீதிமன்றத்துக்கு நகரும். பாலியல் குற்றம், பாரதூரமான காயம் என்றால் யார் சொன்னாலும் பேசித் தீர்க்க உட்காராதீர்கள்.

என் மகனுக்கு 31 வயது, விளங்கிக்கொள்வது கொஞ்சம் மெதுவு. ஆறு மாதமாகச் சில கூட்டாளிகள். அவனுடைய கொடுப்பனவு வந்த அன்றைக்கே பணம் இல்லாமல் போகிறது. கேட்டால் “அவங்க என் பிரெண்ட்ஸ்” என்கிறான். அவனே கொடுத்தால் குற்றமா?
– தாய், பண்டாரவளை

அதிகம் கவனிக்கப்படாத வகை இது. பகை முகத்தோடு வருவதில்லை, சிநேகமாக வருகிறது. ஏமாற்றியோ பயம் காட்டியோ வாங்கினால் ‘அவனே கொடுத்தான்’ என்பது பதிலாகாது. ஏமாற்றுதலும் மிரட்டிப் பறித்தலும் குற்றங்கள்தான்.

கவனிக்க வேண்டியவை: கொடுப்பனவு நாளில் மட்டும் வருகிறார்களா? வங்கி அட்டையும் இரகசிய எண்ணும் யாரிடம்? அவன் பெயரில் சிம் எடுத்திருக்கிறார்களா? மைக்ரோ கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறானா? சாராயக் கடைக்கு அவனை அனுப்பி, பிடிபட்டால் அவன் பிடிபடட்டும் என்று ஒதுங்குகிறார்களா? கேலிக்கு ஆடச் சொல்லி வீடியோ எடுக்கிறார்களா? வீட்டாரிடம் பேசாதே என்று பழக்குகிறார்களா?

அவனோடு சண்டை பிடித்துக் கூட்டாளிகளைத் திட்டினால், அடுத்த முறை உங்களிடம் ஒளிப்பான். வங்கிக்கு அவனையே கூட்டிப் போய் அட்டையை மாற்றி, கடந்த ஆறு மாதக் கணக்குக் கூற்றை எடுங்கள். எந்தத் திகதியில், எந்த இயந்திரத்தில் பணம் எடுக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். அதுவே சாட்சி. அந்த இயந்திரத்தின் கமராப் பதிவு காலப்போக்கில் அழிந்துவிடும். ஆகவே அதைக் கோரும்படி பொலிஸிடம் உடனே சொல்லுங்கள். அவனிடம் கேட்கும்போது “அவர்கள்தானே எடுத்தார்கள்?” என்று கேட்காமல், “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்டு, அவன் போக்கில் சொல்ல விடுங்கள்.

பேச முடியாத பெண்பிள்ளை ஒருவருக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பதாகச் சந்தேகம். வீட்டார் மானம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். முதல் நாளில் என்ன செய்வது?
– வாசகி, இராகலை

குளிக்க வைக்காதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். உடுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீனில் போட்டால் ஈரம் கட்டிச் சான்று கெடும். அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே போங்கள். கர்ப்பத் தடுப்புக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணித்தியாலத்துக்குள் போக வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் ‘மித்துரு பியச’ என்ற பிரிவு இருக்கிறது, அங்கே தனியாகப் பேசலாம். பொலிஸில் சிறுவர், மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 1929, பெண்களுக்கான உதவி 1938.

உடல் அல்லது மன இயலாமை உள்ள பெண் மீதான வல்லுறவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 364(2)ஆம் பிரிவில் 10 முதல் 20 ஆண்டு வரை சிறை. நம் குற்றவியல் சட்டத்தில் இயலாமை தண்டனையைக் கூட்டும் அரிதான இடம் இது. ஆகவே அவருடைய இயலாமை பற்றிய வைத்தியப் பதிவு, கிளினிக் கொப்பி, சமூக சேவை உத்தியோகத்தரின் கடிதம் மூன்றும் கோப்பில் சேர வேண்டும். செய்தவர் அவரைத் தெரிந்தவர், நிலை அறிந்தவர் என்பதையும் வாக்குமூலத்தில் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்ளேயே, மாமியாரைக் கட்டிப்போட்டு அடிக்கிறார் அவருடைய மூத்த மகன். மாமியாருக்கு மனநோய். குடும்ப விசயம் என்று விடலாமா?
– மருமகள், வெலிமடை

விடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மகன் தாய்க்குச் செய்வதும் அதில் அடங்கும். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. கட்டிப்போடுவது தனிக் குற்றம். மூர்க்கமாகும்போது என்ன செய்வது என்று தெரியாமல் கட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் 1926 மனநல உதவி இலக்கத்தில் கேட்கட்டும்.

டிக்டொக்கில் அண்ணனின் வலிப்பை நடித்துப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸிலும் நடத்துநர் சக்கர நாற்காலியை ஏற்ற மறுத்து ஏசினார்.
– வாசகர், பதுளை

வீடியோவை முறையிட்டு நீக்கச் சொல்லுமுன் சான்றை எடுங்கள்: முழுத்திரைப் படம், வீடியோவின் இணைப்பு, போட்டவரின் கணக்கு இணைப்பு, திகதி, கீழே உள்ள கருத்துகள். டிக்டொக், பேஸ்புக் இரண்டின் விதிகளிலும் இயலாமையை வைத்து இழிவுபடுத்துவது தடை. முறையிடும்போது ‘பிடிக்கவில்லை’ என்பதை அழுத்தாமல் வெறுப்புப் பேச்சு என்ற தெரிவை அழுத்துங்கள். நீங்களே அந்த வீடியோவைப் பகிர்ந்து திட்டாதீர்கள், அவர்களுக்குத்தான் பார்வை கூடும்.

பஸ் இலக்கம், பாதை இலக்கம், நேரம், டிக்கட் போதும். மாகாணங்களுக்கிடையிலான பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 1955, உள்ளூர் தனியார் பஸ் என்றால் மாகாண அதிகார சபை. மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் (1996, இலக்கம் 28) வேலை, கல்வி, பொது இடம் ஆகியவற்றில் பாரபட்சத்தைத் தடுக்கிறது. அதை மீறினால் மேல் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்கலாம்.

முறைப்பாடு கொடுத்தவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார், அடித்தவர் அடுத்ததில். ஒரே குழாய், ஒரே பாதை. பழிவாங்கினால்? சம்பவம் நடந்தும் இரண்டு வருசம் ஆகிவிட்டது.
– வாசகர், நானுஓயா

காலம் கடக்கவில்லை. கொலையும் தேசத்துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். தாமதத்துக்கான காரணத்தை மட்டும் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள்: பயம், போக ஆள் இல்லை, தலைவர் தடுத்தார் என்று எதுவானாலும்.

மிரட்டல் வந்தால் அதைப் பழைய முறைப்பாட்டோடு சேர்க்காமல் புதிய முறைப்பாடாகக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டுவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது, பாதுகாப்புக் கோரவும் இடம் தருகிறது. சமாதானக் குலைவு வரும் என்ற நிலையில், நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81ஆம் பிரிவின் கீழ் அடித்தவரிடம் நீதவான் முன் பிணைமுறி (அமைதி காப்பேன் என்ற எழுத்து உறுதி) வாங்கும்படி பொறுப்பதிகாரியிடம் கேளுங்கள். காம்பரா மாற்றம் வேண்டுமென்றால் தோட்ட முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, நலன்புரி உத்தியோகத்தரிடம் பிரதியில் முத்திரை வாங்குங்கள். மாற வேண்டியவர் அடித்தவர்தான் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பெரும்பாலும் அடிபட்ட குடும்பத்தைத்தான் கிளப்பிவிடப் பார்ப்பார்கள்.